ஆயா விரல்ல வெள்ளைக் கோடு விழாம நடுப்பக்கம் வந்துடுச்சு

நான் வரைஞ்சு போடுற கொழந்தைங்க படப் புக்குக்கு ஒரு வழியா நடுப்பக்கம் செட் ஆயிடுச்சுங்க! ஆயாவும் பேத்தியும் மாந்தோப்புக்கு நடந்து போற படம். ஆயாவோட ஒத்தை விரலைத்தான் பேத்தி புடிச்சிருப்பா, அந்த விரல் கரெக்டா மடிப்பைத் தாண்டி அடுத்த பக்கம் போகுது. இதுவரைக்கும் எடுத்த பிரிண்ட்ல எல்லாம் அந்த இடத்துல கலர் உதிர்ந்து பேப்பர் வெள்ளையா பல்லிளிச்சிச்சு. ஆயா கைல பச்சை குத்தினது, நரம்பு, பேத்தியோட கண்ணாடி வளையல்னு உசுரக் குடுத்து வரைஞ்சிட்டு அதுக்கு நடுவுல வெள்ளைக் கோடு ஓடினா எப்படி இருக்கும் சொல்லுங்க.

24 பக்கம், ஏ3-யை மடிச்சு ஏ4 சைஸ், எல்லா ஷீட்டும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு சொருகி ஒரே கட்டு. ஆறு ஷீட்டுல, விரிச்சா எதிரெதிரா வர்ற பக்கத்துல 12-13 மட்டும்தான் ஒரே ஷீட்டுல வரும், மத்த பக்கம் எல்லாம் வேற வேற ஷீட்டு வந்து ஒட்டிக்கிறதால படத்தோட கோடு கொஞ்சமாவது தள்ளிப் போகும். அதனாலதான் கை புடிக்கிற படத்தை அங்கயே வெச்சேன், மாத்துறதா இல்ல.

வெள்ளைக் கோடு விழறதும் விழாததும் கிரெய்ன்லதான், அதாவது பேப்பர்ல இழை எந்தப் பக்கமா ஓடுதுன்றதுல. ஜெராக்ஸ் கடைல கெடைக்கிற ஏ3 பெரும்பாலும் நீளவாக்குல இழை ஓடுற பேப்பர், அதைக் குறுக்க மடிச்சா இழை ஒடியுது, மேல இருக்குற டோனரும் (பிரிண்டர் மைத்தூள்) சேர்ந்து ஒடியுது. 170 ஜிஎஸ்எம் மாதிரி கனமான, வழவழப்பான ஆர்ட் பேப்பர்ல இது இன்னும் மோசம், பக்கமும் படுக்காம எழும்பி நிக்கும். கடைக்காரர்கிட்ட கேட்டா எல்லா பேப்பரும் ஒண்ணுதான்றாரு! ஒண்ணு இல்லைங்க. சின்ன சதுரமா வெட்டி ஒரு பக்கம் மட்டும் தண்ணி தொட்டு வெச்சுப் பாருங்க, குழாய் மாதிரி சுருளும், குழாய் எந்தப் பக்கம் நீளமா கெடக்குதோ அதுதான் இழை ஓடுற பக்கம். நான் இப்ப பெரிய ஷீட்டா வாங்கி, இழை குட்டைப் பக்கத்தோட போற மாதிரி ஏ3 வெட்டி, ஓரத்துல பென்சில்ல அம்புக்குறி போட்டுத்தான் பிரிண்டுக்கே குடுக்கிறேன். மடிக்கறதுக்கு முன்னாடி ஸ்கேல் வெச்சு மை தீர்ந்த ரீஃபில்லால ஒரு கோடு அழுத்திக்கணும். அவ்ளோதான், சுத்தமா மடியுது.

நூல் தையல்தான் எனக்கு ரொம்ப புடிக்கும், ஆனா நூல் மடிப்பு நெடுக உள்பக்கமா ஓடி விரல் மேலயே போகும். அதனால நீளக் கை ஸ்டேப்ளர்ல ரெண்டு பின், ஒண்ணு மாங்கெளைக்குள்ள, இன்னொண்ணு கீழ மண் பாதைல, நடுவுல கை ஃப்ரீ.

பேப்பருக்கு கிருஷ்ணகிரில அலையறதை விட ஓசூர் போய் அப்படியே பெங்களூரு அவென்யூ ரோடு போயிடலாம், நெறைய வெரைட்டி பாத்து தொட்டு எடுக்கலாம்.

பச்சை கலர் இன்னும் படுத்துது. வாட்டர் கலர்ல பளிச்சுனு இருக்கற இலை, பிரிண்ட்ல வாடிப் போயிடுது, பிரிண்டுக்குப் போடுற நாலு கலர் மையில (சிஎம்ஒய்கே) அந்தப் பச்சை வராதுதான். அதுக்காக இலையை விட்டுட்டு கொழுந்து பக்கம் போனேன், மாங்கொழுந்தோட செம்பு நிறம் பிரிண்ட்ல அட்டகாசமா வருது. காய் மட்டும் தோத்தாபுரிதான் (கிளிமூக்கு மாங்காய்), அந்த மூக்கு இருந்தாதான் நம்ம ஊர்க் கொழந்தைங்க பாத்ததும் சொல்லுவாங்க. நுங்கு வண்டி ஓட்டுற பக்கமும், திண்ணைல புளியங்கொட்டை வெச்சு ஆயாவோட பல்லாங்குழி ஆடுற பக்கமும் எனக்கே ரொம்ப புடிச்சிருக்கு.

அட்டை இன்னும் போடல. அதுக்குள்ள அடுத்த புக்குக்கு ஒகேனக்கல் பரிசல் வரைய ஆரம்பிச்சாச்சு, அப்பாவும் பையனும் உக்காந்து பரிசல் சுத்துற பக்கம். மூங்கில் பின்னல் வட்டமா வர்றதால இந்தத் தடவ சதுர புக்கு போடலாம்னு இருக்கேன். சதுரத்துக்கு எந்த ஷீட்டுல வெட்டினா பேப்பர் வீணாகாதுன்னு யாராச்சும் போட்டுப் பாத்திருந்தா சொல்லுங்க, வாங்கறதுக்கு முன்னாடி தெரிஞ்சா நல்லா இருக்கும்.