இருபத்திரண்டு ஆண்டுகள், ஒரே பதவி

நான் கிராம சுகாதாரச் செவிலியராகச் சேர்ந்த புதிதில் தடுப்பூசி போட்ட குழந்தை ஒருத்தி, சென்ற மாதம் தன் முதல் கர்ப்பத்தைப் பதிவு செய்ய என் எதிரே வந்து அமர்ந்தாள். என் பதவியின் பெயரோ அன்று இருந்தபடியேதான் இருக்கிறது.

சமவெளியில் 5,000 பேருக்கு என்னைப் போன்ற ஒரு செவிலியர் பணிபுரியும் ஒரு துணை சுகாதார நிலையம், அத்தகைய ஆறு நிலையங்களுக்கு ஏறத்தாழ ஒரு மேற்பார்வைப் பணியிடம் என்பதே விதிமுறை என்பதால், எங்களுள் பெரும்பாலோர் மேலே செல்ல வழியில்லாமல் முதுநிலைப் பட்டியலிலேயே மூப்படைகிறோம். வேலை மட்டும் கூடுகிறது. பகலில் தாய்மார்களின் எடை, இரத்த அழுத்தம், ஹீமோகுளோபின் அளவு ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதிவிட்டு, அவற்றையே இரவில் மொட்டைமாடியில் சிக்னல் தேடி நின்றுகொண்டு கர்ப்பிணிகள், குழந்தைகளின் விவரங்களைப் பதியும் அரசின் ‘பிக்மி’ இணையதளத்தில் மறுபடியும் ஏற்றுகிறேன். (கொசுக்கடி தனிக்கணக்கு.) ஆய்வுக் கூட்டத்தில் கேட்கப்படுவது விடுபட்ட பதிவுகளின் எண்ணிக்கையை மட்டுமே; அந்த அவமதிப்புதான், சம்பளத்தைவிட, என்னை விலகத் தூண்டுகிறது.

2003 ஏப்ரலுக்குப் பின் சேர்ந்ததால் பழைய ஓய்வூதியத்துக்குப் பதிலாக வந்த, சம்பளத்தில் பிடித்தம் செய்யும் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தில் சேர்க்கப்பட்டவள் நான். விருப்ப ஓய்வு விண்ணப்பத்தை நிரப்பிவிட்டேன். தேதியை மட்டும் எழுதாமல், புதன்கிழமைத் தடுப்பூசிப் பட்டியலுக்கு அடியில் வைத்திருக்கிறேன்.