மஜோலிக்கா பறவைகள்: அலகும் அடிப்பாகமும்

செப்டம்பர் 3

மஜோலிக்கா என்பது வண்ணக் கிளேஸ் (கண்ணாடிப் பூச்சு) பூசிச் சுட்ட மண்பாண்டம். இந்த வார ஏலப் பட்டியலில், மின்டன் என்ற ஆங்கிலப் பட்டறையின் சேவல் பூச்சாடி என்று ஒன்று வந்திருக்கிறது. நான்கு படங்கள், நான்கும் முன்பக்கம்தான். அடிப்பாகத்தைக் காட்டாத மஜோலிக்காவுக்கு விலை சொல்வது வீண். ஏலம் முடிய இரண்டு நாளாவது இருக்கும்போதே கேட்டு வாங்க வேண்டிய படங்கள்: அடிப்பாகம், அலகின் இரு பக்கம், கொண்டை, வால் நுனி, சாடியின் உட்புறம். விளக்கைப் பக்கவாட்டில் வைத்து எடுக்கச் சொன்னால் மேடு பள்ளம் தெரியும்.

உடம்பை விட்டு மெல்லிசாக நீண்டிருக்கும் உறுப்பு அலகுதான். அதனால் முதலில் அதுதான் போகும். அடுத்தது கொண்டை, வால், கால் விரல். நூற்றைம்பது வருடப் பறவைக்கு அலகு நுனியில் சில்லு பெயர்ந்திருந்தால் அதைக் குறையென்று ஒதுக்க வேண்டாம். கழுத்து உடைந்து ஒட்டியதாக இருந்தால் கணக்கு வேறு. நன்றாக ஒட்டியிருந்தாலும் முழுப் பொருளின் விலைக்குப் பக்கத்தில்கூடப் போகக் கூடாது.

செப்டம்பர் 5

அடிப்பாகப் படம் வந்தது. முத்திரை படிக்கும் முறையை இங்கேயே எழுதி வைக்கலாம்.

மின்டன் தன் பெயரை ஈரக் களிமண்ணில் அழுத்திப் பதித்தது. கூடவே வடிவ எண்ணும், 1842 முதல் ஆண்டுக்கு ஒன்றாக மாறிய சிறு குறியும் இருக்கும். ஏறத்தாழ 1873 வரை 'மின்டன்'. அதன் பின் கடைசியில் ஓர் எஸ் சேர்ந்து 'மின்டன்ஸ்'. 1860களின் ஆண்டுக்குறியோடு எஸ் சேர்ந்த பெயர் இருந்தால் ஏதோ பொருந்தவில்லை.

இன்னொரு ஆங்கிலப் பட்டறையான வெட்ஜ்வுட் 1860 முதல் மூன்று எழுத்துகளைப் பதித்தது: மாதம், செய்தவர், ஆண்டு. ஆண்டு எழுத்து சுழற்சியில் திரும்பி வரும் என்பதுதான் சிக்கல். மூன்றாம் எழுத்து ஏ என்றால் 1872 ஆகவும் இருக்கலாம், 1898 ஆகவும் இருக்கலாம். 'இங்கிலாந்து' என்ற சொல்லும் பதிந்திருந்தால் 1898. இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் வேண்டும் என்று அமெரிக்கா 1891இல் கேட்கத் தொடங்கிய பிறகுதான் அந்தச் சொல் வழக்கமாயிற்று.

ஜார்ஜ் ஜோன்ஸ் பட்டறையின் பொருளைத் திருப்பினாலே பாதி தெரிந்துவிடும். அடிப்பாகம் ஆமை ஓடு போலப் பச்சையும் பழுப்பும் கலந்திருக்கும். நடுவே கட்டைவிரல் அளவில் வெள்ளைத் திட்டு, அதில் கறுப்பில் கையால் எழுதிய வடிவ எண். ஜி, ஜே இரண்டும் பின்னிய முத்திரை பல பொருள்களில் உண்டு. 1873க்குப் பின் அதன் கீழே பிறை வடிவில் 'அண்ட் சன்ஸ்' சேரும். ஹோல்ட்கிராஃப்ட் பட்டறைப் பொருள்கள் பல முத்திரையே இல்லாமல் வரும்.

பிரிட்டனில் பதிவு செய்த வடிவங்களுக்கான வைர வடிவப் பதிவுக்குறி 1842 முதல் 1883 வரை வழக்கில் இருந்தது. 1867 வரை ஆண்டு எழுத்து மேல் மூலையில். 1868 முதல் வலது மூலையில். அது வடிவத்தைப் பதிவு செய்த நாளைத்தான் சொல்லும், பொருள் செய்த நாளை அல்ல. போலிகளிலும் வைரக்குறி வரும். ஆனால் பெரும்பாலும் எழுத்துகள் மழுங்கி, எதையும் படிக்க முடியாத வெறும் கட்டமாக இருக்கும்.

செப்டம்பர் 8

அளவுநாடா. அசல் பொருளிலிருந்து அச்சு எடுத்து வார்த்தால் களிமண் காய்ந்தும் வெந்தும் சுருங்கும். நகல் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு சிறுக்கும். அருங்காட்சியகப் பதிவிலுள்ள உயரத்தோடு ஒப்பிட்டால் போதும். இறகின் நரம்புகளும் மங்கிப்போயிருக்கும். நிறம் கோட்டைத் தாண்டிக் கண்ணிலிருந்து கன்னத்துக்கு வழிந்திருந்தால் அது மின்டன் கைத்திறன் அல்ல. பிரான்சின் வல்லோரிஸ் ஊரில் மாசியே குடும்பத்தார் செய்த சேவலும் வாத்தும் அழகானவை, அசலானவை. அவற்றை ஆங்கிலப் பொருள் என்று விற்பதுதான் தப்பு.

செப்டம்பர் 12

சேவல் கைக்கு வந்தது. இனி இருட்டறையும் 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச்சும்.

பழைய அரக்கு ஒட்டு ஆரஞ்சாக ஒளிரும். எபாக்சி என்ற செயற்கைப் பசை பெரும்பாலும் பால் நீலமாக. பழுதை மறைக்க மேல்பூச்சு அடித்த இடம் சுற்றியுள்ள கிளேஸிலிருந்து தனித் திட்டாகப் பிரிந்து நிற்கும். இங்கே கொண்டையின் பின்பாதியும் வாலின் ஓர் இறகும் திட்டாகத் தெரிகின்றன, அலகு சுத்தம். புற ஊதாவில் காட்டிக்கொடுக்காத பூச்சுகளும் இப்போது வந்துவிட்டதால் டார்ச்சை மட்டும் நம்ப முடியாது. ஊசி முனையை அழுத்தாமல் இழுத்துப் பாருங்கள்: கிளேஸில் வழுக்கிக்கொண்டு போகும், பெயின்டில் இழுபடும். விரல் நகத்தால் தட்டினால் முழுப் பொருள் மணி போல ஒலிக்கும். விரிசல் இருந்தால் ஒலி செத்துப்போகும்.

விரிசலையும் நுண்வெடிப்பையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். வலை போலப் பரவிய மெல்லிய கோடுகள் கிளேஸும் மண்ணும் ஒரே அளவில் சுருங்காததால் வருபவை, இந்தச் சரக்கில் சாதாரணம். ஒற்றைக் கோடாக ஓடி, உள்பக்கமும் அதே இடத்தில் தெரிந்தால் அது விரிசல்.

செப்டம்பர் 13

சுத்தம் செய்தல். மஜோலிக்கா குறைந்த வெப்பத்தில் வெந்த ஈயக் கிளேஸ் மண்பாண்டம். உள்ளே இருக்கும் மண் தண்ணீரைக் குடிக்கும். தொட்டியில் ஊறப்போட்டால் நுண்வெடிப்பு வழியாகவும் கிளேஸ் இல்லாத அடி விளிம்பு வழியாகவும் நீர் ஏறி, அழுக்கு பழுப்புக் கறையாகப் பரவும். பழைய ஒட்டும் இளகும். ப்ளீச் கூடவே கூடாது. உள்ளே தங்கும் உப்பு படிகமாகிக் கிளேஸைத் தள்ளி உதிர்த்துவிடும்.

அரை லிட்டர் வெதுவெதுப்பான காய்ச்சி வடித்த நீரில் மென்மையான திரவ சோப்பு இரண்டு மூன்று துளி. பஞ்சுக் குச்சியைப் பிழிந்து, தேய்க்காமல் உருட்ட வேண்டும். அழுக்கு ஏறியதும் குச்சியை மாற்றி, கடைசியில் வெறும் நீரில் நனைத்த குச்சியால் ஒரு சுற்று. மேல்பூச்சு இருக்கும் கொண்டைப் பக்கம் போகவே வேண்டாம்.

பெயர்ந்த துண்டு கையில் இருந்தால் அதை ஒட்ட, அசிட்டோனில் கரைத்த பாராலாய்ட் பி-72 என்ற அக்ரிலிக் பிசின். பிற்பாடு பிடிக்கவில்லை என்றால் அசிட்டோனாலேயே கழற்றலாம். சூப்பர் க்ளூ போட்டவர்களின் வேலையைக் கழற்றுவதற்குத்தான் பழுது பார்ப்பவர்களின் பாதி நேரம் போகிறது. கிளேஸை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் ஈயத் தூள் பறக்கும், தேய்க்காதீர்கள். இந்தச் சாடிகளில் சாப்பாட்டுப் பொருள் எதையும் வைக்கவும் வேண்டாம்.

செப்டம்பர் 17

மஜோலிக்கா பறவைகளில் பெரியது மின்டனின் மயில். ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் உயரம். 1870களில் பிரெஞ்சுச் சிற்பி பால் கொமொலேரா, மின்டன் பட்டறை இருந்த ஸ்டோக் நகரில் வடித்தது. 1851 லண்டன் பெருங்கண்காட்சியில் மின்டன் இந்த வண்ணக் கிளேஸ்களை முதலில் காட்டியது. அவற்றை உருவாக்கிய லியோன் ஆர்நூவும் பிரெஞ்சுக்காரர்தான். மெல்போர்னில் 1880இல் நடக்கவிருந்த கண்காட்சிக்காக ஒரு மயில் 'லாக் ஆர்ட்' கப்பலில் ஏறியது. 1878 ஜூன் 1 அன்று ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலக் கரையோரத்தில் கப்பல் உடைந்து, இருந்த 54 பேரில் இருவர்தான் பிழைத்தார்கள். மயில் பெட்டியோடு கரை ஒதுங்கியது. இப்போது வார்னம்பூலில் ஃபிளாக்ஸ்டாஃப் ஹில் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. சேதம் அலகில் ஒரு சில்லு. அந்தப் பெட்டியைக் கட்டியவருக்குத் தனி மரியாதை செய்யலாம்.

செப்டம்பர் 18

சேவலை அனுப்ப வேண்டும். அமிலமில்லாத மெல்லிய தாளை முதலில் சுற்றி, அதன் மேல் குமிழ்த்தாள். குமிழ்த்தாள் நேரே கிளேஸில் பட வேண்டாம். கழுத்துக்கும் முதுகுக்கும் இடையிலுள்ள பள்ளத்தைச் சுருட்டிய தாளால் நிரப்பினால் தலை ஆடாது. அலகைச் சுற்றி எதையும் இறுக்கக் கூடாது, வெற்றிடம்தான் அதற்குப் பாதுகாப்பு. உள்பெட்டி, அதற்கும் வெளிப்பெட்டிக்கும் நடுவே எல்லாப் பக்கமும் ஐந்து சென்டிமீட்டர் அடைப்பு. மூடியபின் குலுக்கினால் எதுவும் நகரக் கூடாது.

உள்பெட்டி மேல் அலகு இருக்கும் பக்கத்துக்கு அம்புக்குறி போட்டு, 'அடியிலிருந்து இரு கையாலும் தூக்கவும்' என்று எழுதி ஒட்ட வேண்டும். பிரிக்கிறவர் பெரும்பாலும் கழுத்தைப் பிடித்துத்தான் இழுப்பார்.