மாமனார், மோரிஸ் மைனர், ஒரு கேபிள் டை

என் மாமனாருக்கு இரண்டு பிள்ளைகள் என்று வெளியில் சொல்லிக்கொள்வார்கள். வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும், மூன்று. மூத்தது 1949 மாடல் மோரிஸ் மைனர் கார்.

பழைய கார் சங்கத்தில் அவர் பல வருட உறுப்பினர். பழைய வண்டிகளுக்கு அது நடத்தும் போட்டிக்கு நான் வேடிக்கை பார்க்க மட்டும் போய் வந்துகொண்டிருந்தேன். இந்தத் தடவை போட்டிக்கு ஒரு வாரம் இருக்கும்போது அவருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. குனியக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். "மாப்பிள்ளை, இந்த வருஷம் அடிப்பக்கம் எல்லாம் நீங்கதான் பார்த்துக்கணும்" என்றார். அடிப்பக்கம் என்றால் என்னவென்று முழுசாகப் புரிவதற்குள் தலையை ஆட்டிவிட்டேன்.

பளபளவென்று இருக்கும் வண்டிக்குக் கோப்பை கொடுப்பார்கள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். சில இடங்களில் அப்படியும் உண்டு. ஆனால் 1935இல் ஆரம்பித்த அமெரிக்காவின் பழைய கார் சங்கத்தில் கணக்கே வேறு. எங்கள் சங்கமும் ஏறக்குறைய அதைப் பார்த்துத்தான் நடத்துகிறது. மொத்தம் 400 மதிப்பெண். வண்டி மைதானத்துக்குள் நுழையும்போது அத்தனையும் உங்களுடையது. அதற்கப்புறம் கழித்தல் மட்டும்தான். ஷோரூமை விட்டு வந்த அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படி இருக்க வேண்டும். குறைந்தால் கழிப்பார்கள், கூடினால் சேர்த்துப் போட மாட்டார்கள். இந்த முறையைக் கேட்டதும் எங்கேயோ அனுபவப்பட்ட மாதிரி இருந்தது. மாப்பிள்ளைகளுக்கும் இதே கணக்குதான். கல்யாணத்தன்று நானூறு, மறுநாளிலிருந்து கழித்தல்.

முதல் நாளே ஒரு கண்டம் வந்தது. பம்பரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். நட்டநடுவில் வெட்டி, ஒரு சின்னப் பட்டையை வைத்து இணைத்திருந்தது. யாரோ எப்போதோ முட்டிவிட்டு, கைக்குக் கிடைத்ததை வைத்து ஒட்டுப்போட்டிருக்கிறார்கள் என்று தோன்றியது. "மாமா, இதை வெல்டிங் வெச்சு ராவிட்டா ஒரே துண்டு மாதிரி ஆயிடும்" என்றேன். அவர் நாற்காலியிலிருந்து எழுந்த வேகத்தைப் பார்த்தால் முதுகுவலி என்பதே பொய்யோ என்று இருந்தது.

"அது கம்பெனி போட்ட ஒட்டு!"

கதை இதுதான். மைனரை வடிவமைத்தவர் அலெக் இஸிகோனிஸ். பிற்பாடு மினி காரைக் கொண்டுவந்தவரும் அவரே. தயாரிப்பு தொடங்குகிற நேரத்தில் வண்டி ஒடுங்கித் தெரிகிறது என்று அவருக்கு மனசு உறுத்தியிருக்கிறது. மாதிரி வண்டியை நெடுக இரண்டாக அறுக்கச் சொல்லி, பாதிகளைத் தள்ளித் தள்ளி வைத்துப் பார்த்திருக்கிறார். நாலு அங்குலம் தள்ளியதும் கண்ணுக்குப் பிடித்துப்போயிற்று. பானட்டின் நடுவே தட்டையாக ஓடுகிறதே ஒரு பட்டை, அது அந்த நாலு அங்குலம்தான். ஆனால் பம்பர்களைப் பழைய அளவில் செய்து அடுக்கிவிட்டிருந்தார்கள். தூக்கிப் போட மனசு வருமா? வெட்டி, நடுவில் துண்டு வைத்து இணைத்து மாட்டிவிட்டார்கள். இப்படியெல்லாம் சிக்கனமாக ஆரம்பித்த வண்டி கடைசியில் 16 லட்சம் வண்டிகளுக்கு மேல் விற்றது. நான் ராவியிருந்தால் சரித்திரத்தை ராவியிருப்பேன்.

அப்புறம் நான் எதையும் கேட்காமல் செய்வதில்லை என்று முடிவெடுத்தேன். ஒரே ஒரு விஷயத்தைத் தவிர. போட்டிக்கு முந்தின ராத்திரி, டார்ச்சும் பழைய போர்வையுமாக வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தேன். ஒரு வயர் தொங்கிக்கொண்டிருந்தது. மணி பதினொன்று. மாமா தூங்கிவிட்டார். என் டூல் பாக்ஸில் கறுப்புக் கேபிள் டை ஒன்று இருந்தது, வயர்களைச் சேர்த்து இறுக்கும் பிளாஸ்டிக் பட்டை. ஒரு இழுப்பு, "கிர்ர்ர்" என்று ஒரு சத்தம், வயர் போய் அடங்கி உட்கார்ந்தது. மீதி வாலைக்கூட அளவாக வெட்டிவிட்டேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நேர்த்தியாக எதையும் கட்டியதில்லை.

மறுநாள் ஐந்து பேர் வந்தார்கள். வெளிப்பக்கத்துக்கு ஒருவர், உள்பக்கத்துக்கு ஒருவர், இன்ஜினுக்கு ஒருவர், அடிப்பக்கத்துக்கு ஒருவர், இவர்களுக்கு மேலே ஒரு தலைவர். எல்லார் கையிலும் அட்டை, பேனா. தீயணைப்பான் வைத்திருக்கிறோமா என்று முதலில் பார்த்தார்கள். நடுவர்கள் வண்டியைத் தொட மாட்டார்கள். கதவைத் திற, பானட்டைத் தூக்கு என்று நம்மைத்தான் சொல்வார்கள். எனக்கென்னவோ அவர்கள் தொடாமல் பார்ப்பதுதான் அதிகப் பயமாக இருந்தது.

வெளிப்பக்கத்துக்காரர் இளைஞர். பம்பரைப் பார்த்தார், முகம் மலர்ந்தது, எழுத ஆரம்பித்தார். மாமா பேசக் காத்திருந்தார். அறுத்ததிலிருந்து ஆரம்பித்து, பாதிகளை இஸிகோனிஸ் தள்ளி வைத்துப் பார்க்கும் கட்டத்துக்கு வருவதற்குள் தலைவர் குறுக்கிட்டு, "அது ஒரிஜினல்தான் தம்பி, எழுதினதை அடிச்சுடுங்க" என்றார். மதிப்பெண் தப்பித்தது. ஆனால் கதையை முடிக்கவிடவில்லையே என்று மாமாவுக்கு வருத்தம். மீதியைப் பக்கத்து வண்டிக்காரரிடம் சொல்லி முடித்தார்.

உள்பக்கத்துக்காரர் டேஷ்போர்டு இடுக்கில் ஒட்டியிருந்த பஞ்சைப் பேனாவால் காட்டினார். காது குடையும் பட்ஸால் சுத்தம் செய்திருந்தேன். ஒன்றும் கழிக்கவில்லை, சிரித்துக்கொண்டே போய்விட்டார். இன்ஜினுக்கு வந்தவர் 918 சிசி என்று தனக்குத்தானே முணுமுணுத்துவிட்டு ஒரு ஸ்க்ரூவின் தலையில் ப்ளஸ் குறி இருக்கிறது என்று அரை மதிப்பெண் எடுத்துக்கொண்டார். அது என் காலத்துக்கு முந்தைய குற்றம்.

கடைசியாக அடிப்பக்கத்துக்காரர். பெரியவர். தன்னுடைய விரிப்பையே கொண்டு வந்திருந்தார். விரித்து, படுத்து, டார்ச் அடித்தார். கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. ரொம்ப நேரம் சத்தமில்லை. அப்புறம் உள்ளேயிருந்து குரல்.

"இந்த வண்டி எந்த வருஷம்?"

"நாற்பத்தொன்பது," என்றார் மாமா, நெஞ்சை நிமிர்த்தி.

"கேபிள் டை வந்தது ஐம்பத்தெட்டுல."

மாமா திரும்பி என்னைப் பார்த்தார். நான் தீயணைப்பானைப் பார்த்தேன். பெரியவர் எழுந்து, தூசியைத் தட்டிக்கொண்டு, ஒரு மதிப்பெண் கழித்தார். போகிற போக்கில், "கட்டினது என்னமோ நல்லா கட்டியிருக்கீங்க" என்று என்னிடம் மட்டும் சொன்னார். அன்றைக்கு எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அது.

இரண்டாம் பரிசு கிடைத்தது. முதல் பரிசுக்கும் எங்களுக்கும் எத்தனை மதிப்பெண் வித்தியாசம் என்று நான் கேட்கவில்லை. மாமா கேட்டார். ஒன்று.

திரும்பும்போது அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. இந்த வண்டியில் திரும்பும் பக்கம் காட்ட மினுக்கும் விளக்கு கிடையாது. கதவுக்குப் பின்னால் இருக்கும் தூணுக்குள்ளிருந்து விளக்கு வைத்த சின்னக் கை ஒன்று மேலே எழும்பி நிற்கும். திரும்பி முடித்ததும் தானாக இறங்கி உள்ளே போக வேண்டும். போகாது. மாமா வழக்கமாகத் தூணில் ஒரு குத்து விடுவார், இறங்கிவிடும். அன்று என் பக்கத்துக் கை எழும்பி நின்றுவிட்டது. அவர் குத்தவில்லை. பின்னால் வந்த வண்டிகள் எல்லாம் நாங்கள் இப்போது திரும்புவோம், இதோ திரும்புவோம் என்று காத்துக்கொண்டே வந்தன. கடைசியில் நானே கண்ணாடியை இறக்கி, கையைப் பின்னால் நீட்டி அதை அமுக்கினேன். விட்டதும் மறுபடி எழும்பியது. இன்னொரு தடவை அமுக்கினேன். எழும்பியது.

மாமா ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "இன்னொரு டை இருந்தா அதையும் கட்டிவிட்டுடுங்களேன், மாப்பிள்ளை."