கொழுந்தெடுக்கும் கைக்கு ஒரு சுவெட்டர்

எங்கள் தேயிலைத் தோட்டம் இலங்கையின் மலையகத்தில், நானுஓயாவுக்கு அருகில் இருக்கிறது. இங்கிருந்து மேலே ஏறினால் நுவரெலியா. அந்நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் அமைந்திருப்பதால், தை, மாசி மாதங்களின் சில விடியல்களில் புல்லின் மேல் பனி வெள்ளையாக உறைந்து கிடக்கும். நாங்கள் சற்றுத் தாழ்வில் இருந்தாலும் குளிருக்குக் குறைவில்லை. அந்தக் குளிரில்தான் அம்மா முப்பது வருடங்களாகக் கொழுந்தெடுக்கப் போய்வருகிறார்.

நான் பின்னத் தொடங்கியது அவருக்காகத்தான். நுவரெலியா பேல் பஜாரில் குளிர் உடுப்புகள் மலிவாகக் கிடைக்கும்போது மாதக்கணக்கில் உட்கார்ந்து பின்னுவது எதற்கு என்று அக்கம்பக்கத்தார் கேட்டதுண்டு. கடைச் சுவெட்டரை அணிந்துகொண்டு அம்மா மலைக்குப் போய்த் திரும்பிய மாலைகளை நான் பார்த்திருக்கிறேன். அதன் கை மணிக்கட்டையும் தாண்டி நிற்கும். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளும் விரல்களோடு கைநுனியும் செடிக்குள் போய், காலைப் பனியையெல்லாம் உறிஞ்சிக்கொள்ளும். மடித்துவிட்டாலோ அந்த ஈர மடிப்பு நாள் முழுவதும் முழங்கையில் பாரமாகக் கிடக்கும். கவ்வாத்து வெட்டிய வாதுகளில் சிக்கி நூல் இழுபடும். கூடை உராயும் முதுகுப் பகுதி சில மாதங்களிலேயே மெலிந்து, விளக்கின் முன் பிடித்தால் வெளிச்சம் தெரியும்.

கை எங்கே முடிய வேண்டும், முதுகு எவ்வளவு தடிப்பாக இருக்க வேண்டும் என்பதைப் பின்னுகிறவரே தீர்மானிக்கலாம் என்பதுதான் என்னை ஊசிகளின் பக்கம் இழுத்தது. கண்ணி போடுவதைப் பாடசாலையில் மனைப்பொருளியல் ஆசிரியை ஏற்கெனவே கற்றுத் தந்திருந்தார். மீதியை என் தவறுகள் கற்றுத் தந்தன.

முதல் தவறு, என் கைக்கு எத்தனை கண்ணிகள் வரும் என்று அளந்து பார்க்க மாதிரித் துண்டு பின்னாதது. நூல் உறையில் 4 மில்லிமீற்றர் ஊசிக்கு 10 சென்ரிமீற்றரில் 22 கண்ணிகள் என்று போட்டிருந்தது. (பழைய ஆங்கிலேய அளவில் இதுவே 8ஆம் இலக்க ஊசி, அந்த முறையில் இலக்கம் கூடக் கூட ஊசி மெலியும் என்பதைப் பெரியவர்களிடமிருந்து பழைய ஊசிகளை வாங்குகிறவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.) அம்மாவின் மார்பளவுக்குத் தளர்வையும் சேர்த்து 100 சென்ரிமீற்றர் என்று கணக்கிட்டு, முன்னுக்கு 110, பின்னுக்கு 110 என 220 கண்ணிகள் போட்டேன். ஆனால் என் கை இளகிய கை. எனக்கு 10 சென்ரிமீற்றரில் 20 கண்ணிகள்தான் வரும். இரண்டு கண்ணி வித்தியாசம் சிறியதாகத் தோன்றலாம். சுற்றளவில் அது 10 சென்ரிமீற்றராகப் பெருகிவிடுகிறது. தைத்து முடித்து அணிவித்தபோது தோள் இரண்டும் சரிந்து, கழுத்துப் பட்டி ஒரு பக்கமாக இறங்கி நின்றது.

"நல்லாத்தான் இருக்கு. உள்ளுக்கு ரெண்டு சட்டை போட்டுக்கிறேன் புள்ள" என்றார் அம்மா.

அன்றிரவே பிரித்தேன். பின்னலைப் பிரிக்கும்போது எழும் அந்த மெல்லிய 'டிக் டிக்' ஒலியைக் கேட்டுக்கொண்டு, ஏழு வார உழைப்பு மடியில் குவிவதைப் பார்ப்பது எளிதன்று. ஆனாலும் வெட்டிய துணியைப் போல் நூல் வீணாவதில்லை. சுருண்டு நின்ற நூலை நாற்காலி முதுகில் சுற்றி, நாலு இடங்களில் தளர்வாகக் கட்டி, வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்துக் காயவிட்டபோது பெரும்பாலும் நேராகிவிட்டது.

அடுத்த முயற்சி 2022இல் நடந்தது. அந்த மார்ச் மாதக் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் நின்றது. நேர்ப்பின்னலை விரல்களின் பழக்கத்தாலேயே பின்னிவிடலாம் என்பதால் இருட்டிலும் கையை நிறுத்தவில்லை. ஓர் இரவு ஒரு கண்ணி நழுவியிருக்கிறது. விடிந்து பார்த்தபோது அது பதினெட்டு வரி கீழே இறங்கி, இறங்கிய வழியெல்லாம் ஏணிப்படிபோல் வெறும் நூல்கள் குறுக்கே கிடந்தன. குரோசே ஊசியை அடிக்கண்ணியில் நுழைத்து, முதற்படியைக் கொளுவி இழுத்து, அடுத்த படியைக் கொளுவி, பதினெட்டு முறையும் மேலே ஏற்றி வந்து பின்னல் ஊசியில் மாட்டியபோது, எங்கே நழுவியது என்று எனக்கே அடையாளம் தெரியவில்லை. பின்னத் தொடங்கிய நாளிலிருந்து அந்தக் காலைப்பொழுதைப்போல் நான் மகிழ்ந்ததில்லை.

நூல் போதாமற்போனது வேறொரு துன்பம். அதே நிறம், அதே இலக்கம் என்று நம்பி மேலும் இரண்டு உருண்டைகள் வாங்கினேன். ஆனால் அவை வேறொரு சாயத் தொகுதியை, அதாவது வேறொரு தடவை சாயமேற்றிய நூலைச் சேர்ந்தவை. கடை விளக்கில் தெரியாத வேறுபாடு பகல் வெளிச்சத்தில் கோடு கிழித்ததுபோல் தெரிந்தது. ஆகவே, தேவைக்கு மேல் ஓர் உருண்டையை முதலிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். தொகுதி எண்ணையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

தூய கம்பளி நூல்தான் சிறந்தது என்று சொல்வார்கள். ஈரத்தை உள்ளே வாங்கியும் சூடு தருவது உண்மை. ஆனால் சுடுநீரில் கசக்கினால் இழைகள் ஒன்றோடொன்று இறுகிச் சுருங்கிவிடும்; வாரக்கணக்கில் வெயிலே தெரியாத எங்கள் மழைக்காலத்தில் காய்வதும் இல்லை. மலைக்குப் போகும் உடுப்புக்கு அக்ரிலிக் நூலே பொருந்தும் என்பது என் முடிவு. அது சீக்கிரம் காயும்; ஆயினும் அடுப்புச் சூட்டுக்கு அருகில் மட்டும் வைக்கக்கூடாது. எந்த நூலானாலும் ஈரத்தோடு கொடியில் தொங்கவிட்டால் தன் பாரத்தாலேயே நீண்டுவிடும். சாக்கின் மேல் ஒரு துணியை விரித்து, அதில் கிடையாகப் பரப்பிக் காயவைக்கிறேன்.

அந்தச் சுவெட்டரின் கை முழங்கைக்குக் கீழே நாலு விரற்கிடையில் முடிகிறது. முதுகில் கூடை படும் இடத்தை மட்டும் இரட்டை நூலில் தனித் துண்டாகப் பின்னித் தைத்திருக்கிறேன். தேய்ந்தால் அதை மட்டும் கழற்றி மாற்றலாம். ஆனி மாதத்து மழையில், இடுப்பில் கட்டிய படங்கும் பாவாடையும் நனைந்து வந்த அம்மா, வாசலில் நின்று முதலில் கைநுனியைத்தான் தொட்டுக் காட்டினார். அது காய்ந்திருந்தது.

மறுநாள் பக்கத்து வீட்டுச் சித்தி வந்து, ஒன்றும் சொல்லாமல் தம் வலக்கையை என்முன் நீட்டி, முழங்கைக்குக் கீழே ஓர் இடத்தை விரலால் தொட்டார். நான் அளவு நாடாவை எடுத்தேன்.