புளிமுளத்துக்கு ஏத்த ஒயின்

நேத்து முட்டத்துல கூட்டுக்காரன் வீட்டு மொட்டை மாடி. அவிச்ச மரச்சீனி, தேங்கா அரைச்சு புளி ஊத்தி வச்ச நெத்திலி மீன் கறி, அதான் புளிமுளம், நாங்க நாலு பேரு. விலை கூடுன சிவப்பு ஒயின் ஒரு வாய் குடிச்சதும் மிளகா எரிப்பு நாக்குல ரெட்டிப்பாச்சு. சிவப்புல இருக்கிற துவர்ப்பு காரத்தைத் தூக்கிக் காட்டும்.

அப்புறம் திறந்தது நாசிக் செனின் பிளாங்க்ங்கிற வெள்ளை ஒயின். விலை அதுல பாதிகூட இல்ல. ஐஸ் தண்ணி வாளியில அரை மணி நேரம் முக்கி வச்சிருந்தோம், பாட்டில் முழுக்க முத்து முத்தா வேர்த்திருந்துச்சு. லேசான இனிப்பு காரத்தை அடக்குச்சு, அதோட புளிப்பு கறிப் புளியோட அப்படிச் சேர்ந்துச்சு மக்கா!

திருகு மூடி போட்டிருந்தா மட்டமான சரக்குன்னு ஒதுக்காதீங்க. நல்ல ஒயினும் அப்படித்தான் வருது. சிவப்பை பீஃப் வறுக்கிற அன்னைக்கு எடுங்க, மிளகா மட்டும் குறைச்சுப் போடணும்.