"தாராளமா ஓடும் அண்ணாச்சி"

"இனிமே இந்த ஒரு மெஷின்லயே ஓட்டிரலாம்ல தம்பி?" என்று மளிகைக் கடை அண்ணாச்சி கேட்டார். "தாராளமா ஓடும் அண்ணாச்சி" என்றேன். அவ்வளவுதான் பேச்சு. கடைகளின் பில்லிங் கம்ப்யூட்டர்களைச் சரிசெய்வது என் வேலை. அதற்குப் பிறகு எத்தனையோ கடைகளில் ரேம், அதாவது கம்ப்யூட்டர் வேலை செய்யும்போது பயன்படுத்தும் தற்காலிக மெமரி, மாற்றிவிட்டேன், இந்தப் பதில் மட்டும் மனதை விட்டுப் போகவில்லை.

பதிலில் பொய் இல்லை. முதல் கவுண்டர் மெஷின்தான் சர்வர். இரண்டாவது கவுண்டர் அதிலிருந்துதான் விலையையும் ஸ்டாக்கையும் எடுக்கும். செலரான் ஜே1900 பிராசஸர், 2 ஜிபி ரேம், விண்டோஸ் 7. பில்லிங் சாஃப்ட்வேருக்கு அடியில் இருக்கும் டேட்டாபேஸான எஸ்க்யூஎல் சர்வர் எக்ஸ்பிரஸ் 2014, டேட்டாவை வைத்துக்கொள்ள மட்டும் 1 ஜிபி வரை பிடித்துக்கொள்ளும். திரைக்கும் அதே ரேமிலிருந்துதான் பங்கு. மிச்சம் பற்றாமல் விண்டோஸ் ஹார்ட் டிஸ்கில் எழுதி எழுதி எடுக்கும். ஸ்கேனர் சத்தம் கொடுத்த பிறகும் ஐட்டம் திரையில் வர நேரமாகும். அந்த இடைவெளியில் கஸ்டமர் பில் போடும் பெண்ணைத்தான் முறைப்பார். சம்பள வாரத்தில் அண்ணாச்சியும் சேர்ந்து திட்டுவார். கோளாறு மெஷினில்தான், பிள்ளைகள்மேல் தப்பில்லை என்று அவரிடம் எடுத்துச் சொல்லிச் சம்மதிக்க வைத்ததே நான்தான்.

8 ஜிபி போடச் சொன்னார். விண்டோஸ் 32 பிட், 4 ஜிபிக்கு மேல் அதற்குத் தெரியாது, அதிலும் மூன்று சொச்சம்தான் கைக்கு வரும் என்று விளக்கி 4 ஜிபி மட்டுமே வாங்க வைத்தேன். அதிலும் 1.35 வோல்ட்டில் ஓடும் டிடிஆர்3எல் வகை ரேம்தான் வேண்டும். 1.5 வோல்ட்டில் ஓடும் சாதா டிடிஆர்3 அதே ஸ்லாட்டில் கச்சிதமாக உட்காரும், ஆனால் ஜே1900 போர்டுக்கு அது ஆகாது. இதையெல்லாம் பார்த்துப் பார்த்துத்தான் செய்தேன். ராத்திரி கடை சாத்தியதும் பேக்கப் எடுத்து, மாற்றி, ஆன் செய்தால் ஸ்கேன் செய்த ஐட்டம் உடனே வந்து நின்றது. அப்போதுதான் அந்தக் கேள்வி. இரண்டாவது கவுண்டர் பெண் டிபன் டப்பாவோடு கிளம்பிக்கொண்டிருந்தாள். "இனி திட்டு விழாதுல்ல அண்ணா" என்று சிரித்தாள்.

அடுத்து பிரிண்டர் பார்க்கப் போனபோது அவள் இல்லை. "ஒண்ணே போதும்னு நீதான தம்பி சொன்ன" என்றார் அண்ணாச்சி. நல்ல யோசனை சொன்னவனுக்கு நன்றி சொல்கிற குரல் அது. இரண்டாவது கவுண்டரின் பாரம் ஏறாததால் மெஷின் முன்னைவிட வேகமாக ஓடியது. நான் சொன்னது இன்னும் உண்மையாகிப் போயிருந்தது.

நான் சொன்னது மெஷினைப் பற்றி. கவுண்டரில் நேரம் போகிற இடங்கள் வேறு: எடை போடாமல் எடுத்து வந்த பருப்பு, கிடைக்காத சில்லறை, யுபிஐ பணம் வந்த அறிவிப்புக்கான காத்திருப்பு, பையில் அடுக்குவது. இதில் எதையும் ரேம் தொடாது. மெஷின் யோசித்துக்கொண்டிருந்த அந்த நொடிகள்தான் பில் போடுகிறவளுக்கு மூச்சு விடுகிற நொடிகள் என்பது முதல் கவுண்டர் பெண் சொல்லித்தான் எனக்கு உறைத்தது. "இப்ப திட்டு இல்ல அண்ணா. தண்ணி குடிக்கப் போகத்தான் முடியல" என்றாள்.

கேட்காததையும் சொல்வது சர்வீஸுக்குப் போகிறவன் வேலையா? கடை அவருடையது, சம்பளம் கொடுப்பவர் அவர். ஆளைக் குறைப்பது என்று முன்பே முடிவு செய்திருக்கலாம், நான் என்ன சொல்லியிருந்தாலும் இதுதான் நடந்திருக்கும் என்று சில நாள் தோன்றும். அப்படியானால் என்னிடம் எதற்குக் கேட்டார்? கேட்கும்போது அவர் பார்வை இரண்டாவது கவுண்டர் பக்கம் போனதாக ஒரு நினைவு இருக்கிறது. அது உண்மையா, பிற்பாடு நானாகச் சேர்த்துக்கொண்டதா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

இப்போதெல்லாம் யாராவது அப்படிக் கேட்டால், "மெஷின் தாங்கும், ஆள் தாங்குமான்னு நீங்கதான் பாக்கணும்" என்கிறேன். அண்மையில் ஒரு மருந்துக் கடைக்காரரிடமும் அதையே சொன்னேன். பில் போட்டுக்கொண்டிருந்த பையனை ஒருமுறை பார்த்துவிட்டு, "அப்ப ஆளைத்தான் மாத்தணுங்கிறீங்களா?" என்று கேட்டார். "ஐயோ இல்ல சார், மெஷின்தான். ரேம் போட்டா சரியாயிடும்" என்றேன்.