மிருதங்கக் கையில் கஞ்சிரா

அக்டோபர் 4
மிருதங்கம் வாசிக்கும் நான் பழகப்போகும் கஞ்சிரா, கையடக்கத் தோல்வாத்தியம், வந்துவிட்டது. பலாமரச் சட்டம், ஒரு பக்கம் மட்டும் தோல், சட்டத்தில் ஓர் இடைவெளி, அதில் கோத்த காசுகள். தோல் ஆட்டுத்தோல். உடும்புத்தோல் நாதம் வேறுதான். ஆனால் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் உடும்புக்கும் உண்டு. உடும்பு நன்றாக இருக்கட்டும்.

அக்டோபர் 6
சொல்லித்தரும் தம்பி என்னைவிட இளையவர். ஒரு மோரா, ஒரு கோர்வை (இரண்டும் கணக்குப் போட்டு முடிக்கும் தாளச் சொற்கட்டுகள்) வாயால் சொல்லச் சொன்னார். சொன்னேன். "கணக்கு உங்களுக்கு நான் சொல்ல வேணாம் அண்ணா. இடது கையைச் சும்மா வெச்சிருக்கப் பழகுங்க, போதும்."

அந்தப் 'போதும்'தான் பெரிய வேலை. மிருதங்கத்தில் தாழ்ந்த நாதம் தரும் தொப்பிப் பக்கம் முழுக்க இடது கையின் ராஜ்யம். இங்கே அது சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். தொம் என்ற கனத்த அடி உட்பட எல்லாம் வலது கைக்கே. 'தகதிமி' என்று வாய் சொன்னதும் இடது விரல்கள் துடிக்கின்றன, காசு கலகலக்கிறது.

அக்டோபர் 11
வேகம் ஏறினால் ஒரு கை போதவில்லை. விரல்களும் உள்ளங்கையின் அடிப்பகுதியும் மாறி மாறி விழ, மணிக்கட்டு ஆட வேண்டும். மிருதங்கம் வாசித்த மணிக்கட்டுக்கு இந்த ஆட்டம் புதிது. மெதுவான விளம்ப காலத்திலேயே இருக்கிறேன்.

கஞ்சிரா மேதை புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளையின் சீடர் தட்சிணாமூர்த்தி பிள்ளை இரண்டு வாத்தியத்திலும் பேர் எடுத்தவர். பழனி சுப்ரமணிய பிள்ளையும் அப்படியே, அதுவும் இடக்கைக்காரர். அவர்கள் கை எப்படித்தான் மாறிக்கொண்டதோ!

அக்டோபர் 19
இன்று மழை. ஈரத்தில் தோல் தானாகவே தொய்ந்திருந்தது. வழக்கமாக உட்புறம் விரலால் தண்ணீர் தடவிச் சுருதியை இறக்குவேன். இன்று தடவியிருந்தால் 'தொப்' என்றுதான் கேட்டிருக்கும்.

தொம் அடித்தபோது, சட்டத்தைப் பிடித்திருந்த இடது விரல்நுனி தோலை உள்ளே அழுத்திவிட்டது. நாதம் வழுக்கிக்கொண்டு மேலே போனது. கும்கி! தொப்பியில் மணிக்கட்டு அழுத்திச் செய்ததை இங்கே இரண்டு விரல் செய்கிறது. எங்கே அழுத்துவது, எப்போது விடுவது என்று காதுக்கு ஏற்கெனவே தெரியும். தம்பியிடம் போனில் வாசித்துக் காட்டினேன். "அண்ணா, இதை நான் அடுத்த மாசம் சொல்லித்தரலாம்னு இருந்தேன்" என்றார்.

அக்டோபர் 26
என்னிடம் மிருதங்கம் பயிலும் பையனோடு ஆதி தாளத்தில் குறைப்பு: மாறி மாறி வாசித்து, அளவைக் குறைத்துக்கொண்டே வருவது. அவன் வைத்ததையெல்லாம் திருப்பிக் கொடுத்துவிட்டேன், ஃபரன் என்ற வேகமான சொற்கட்டு ஒன்றைத் தவிர. அங்கே பாதிச் சொற்களை விட்டு, தாளத்தில் சரியாக இறங்கிக்கொண்டேன். பையன் சிரித்தான். அடுத்த வாரம் மிஸ்ர சாபு தாளம்.